ஆள் மாறினால் பயமும் மாறும்

நடுவர் அவர்களே, வணக்கம். உளவியல் த்ரில்லர் படங்களில் பலதரப்பட்ட மனிதர்கள் வருவது கதைக்குப் பலமா, பாரமா என்பது தலைப்பு. "பயம் எல்லோருக்கும் ஒன்றுதான், நாயகன் கறுப்பா வெள்ளையா என்று ஏன் பார்க்க வேண்டும்" என்றார் எதிரணித் தோழி. இல்லைங்க, பயம் எல்லோருக்கும் ஒன்றில்லை.

2017-ல் ஜோர்டன் பீல் எழுதி இயக்கிய 'கெட் அவுட்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பின இளைஞன் கிறிஸ், வெள்ளைக்காரக் காதலி ரோஸின் வீட்டுக்கு முதல்முறை போகிறான். வழியில் கார் மான் மேல் மோதிவிடுகிறது, போலீஸ்காரர் வருகிறார். ஓட்டியது ரோஸ், ஆனால் அடையாள அட்டை கேட்பது கிறிஸிடம். பேய் இல்லை, கத்தி இல்லை, அதற்குள் வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் கடைசிக் காட்சி. கறுப்பினத்தவரை வசியம் செய்து சிக்கவைக்கும் ரோஸின் குடும்பத்திடமிருந்து உயிர் தப்பி, கிறிஸ் ராத்திரியில் நடுரோட்டில் இருக்கிறான், பக்கத்தில் ரோஸ் குண்டடிபட்டுக் கிடக்கிறாள், விளக்கு சுழல ஒரு வண்டி வந்து நிற்கிறது. வேறு படமாக இருந்தால் "அப்பாடா, போலீஸ் வந்தாச்சு" என்று மூச்சு விட்டிருப்போம். இங்கே கிறிஸ் மெல்லக் கையைத் தூக்குகிறான், பார்க்கிற நமக்கு ஐயோ என்றிருக்கிறது. வந்தது நண்பன் என்று தெரிந்த பிறகுதான் நமக்கு உயிரே வருகிறது. பீல் முதலில் எடுத்த முடிவில் வருவது நிஜப் போலீஸ், கிறிஸ் சிறைக்குப் போகிறான். அதே வண்டி, அதே விளக்கு, எதிரில் இருக்கும் ஆளை வைத்துத்தானே அது காப்பாற்ற வந்ததா கொல்ல வந்ததா என்று நாம் முடிவு செய்கிறோம்?

கணக்குக்கு ஒரு கறுப்பின நண்பனைச் சேர்த்து முதல் ஆளாகச் சாகடிக்கும் படங்களைக் காட்டித் 'திணிப்பு' என்றார் தோழி. சரி, அது திணிப்புதான், எனக்கும் ஆத்திரம் வருகிறது. அதற்காக அவனைக் கதையை விட்டே துரத்துவதா? அந்த வாழ்க்கையை அறிந்தவர்களை எழுத விடுங்கள். கிறிஸைக் கட்டிப்போட்ட நாற்காலியின் கைப்பிடியை அவன் நகத்தால் பிறாண்டி, பிதுங்கி வந்த பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டுதான் வசியத்திலிருந்து தப்பிக்கிறான். முன்னோர்கள் அடிமைகளாகப் பருத்தி பறித்த சனத்தின் பிள்ளை அவன்!

இந்த மாதிரிப் படம் ஓடாது என்றும் சொன்னார்கள். சுமார் 45 லட்சம் டாலரில் எடுத்தது, உலகம் முழுக்க 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2018-ல் அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரும் கிடைத்தது. அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பின எழுத்தாளர் பீல்தான், அது 90-வது ஆஸ்கர் விழா!

அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பர் கிறிஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெள்ளைக்கார இளைஞனை வைத்து இதே கதையை இந்த மேடையில் சொல்லிக் காட்டட்டும். நடுவருக்கு எந்த இடத்தில் பயம் வருகிறது என்று நான் பார்க்கிறேன்.