கரமடியும் பள்ளிக்கூட மணியும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்து, அங்குள்ள ஆர்.சி. நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். இப்போது அதே கரையில், பங்குக் கோவிலை ஒட்டிய இன்னொரு நடுநிலைப்பள்ளியில் ஆசிரியர். என்னைப் படிக்க வைத்தவர்களைப் பற்றிப் பேச இடம் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி.

1988-ஆம் ஆண்டு. நான் ஏழாம் வகுப்பு. கரமடி இழுக்கும் காலம். கரமடியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். வள்ளத்தில் போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் கரையில் நின்று இழுப்பார்கள். மடி கரையேற மணிக்கணக்கில் ஆகும். கயிறு பிடிக்கிற பையனுக்கும் பங்கு மீன் உண்டு. அப்போது அப்பா காய்ச்சலில் கிடந்தார். அம்மா கடவத்தைத் தலையில் சுமந்து மீன் விற்கப் போனால்தான் வீட்டில் உலை வைக்க முடியும். நான்கு நாளாக நான் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை.

ஐந்தாம் நாள் தலைமையாசிரியை சிஸ்டர் கடற்கரைக்கே வந்துவிட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடந்து வந்தார். அடி விழும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மடி கரையேறி, மீன் ஏலம் போய் முடியும் வரை ஓரமாக நின்றார். பிறகு மடிக்காரரிடம் போனார். “அண்ணாச்சி, ஒன்பது மணி வரைக்கும் என் பிள்ளைகள் இழுக்கட்டும். மணி அடிச்சதும் விட்டுடுங்க. பங்கை மட்டும் குறைச்சிடாதீங்க” என்றார். மடிக்காரர் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி சிஸ்டரே” என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார், அதாவது எங்கள் கோவில் பாதிரியார், இதை ஊருக்குச் சொன்னார். ஊர்க் கமிட்டி எல்லா மடிக்கும் அதையே சட்டமாக்கியது. அப்புறம், மணி அடித்த பிறகு கயிற்றைத் தொட்டால் பெரியவர்களே எங்களை விரட்டிவிடுவார்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பையனின் பங்கு, அவன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பதினான்கு வயது வரை பிள்ளைகளுக்குக் கல்வி உரிமை என்ற சட்டம் 2010 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஊர் இருபத்திரண்டு வருடம் முந்திக்கொண்டது என்று நான் பெருமையாகச் சொல்வேன்.

ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் எங்கள் கரையில் இக்கட்டான வயது. பையனின் தோளில் பலம் ஏறியிருக்கும், வள்ளம் அவனைக் கூப்பிடும். பெண்பிள்ளை என்றால், அம்மா சந்தைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்று வருடத்தைத் தாண்ட வைப்பதுதான் எங்கள் ஆசிரியர்களின் வேலையாக இருந்தது.

எங்களுடையது அரசு உதவிபெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது. கட்டடத்தை நிர்வாகம்தான் பார்க்க வேண்டும். நிர்வாகம் என்றால் பங்குச் சாமியார் தாளாளர், பணத்துக்கு ஊர். மேற்கூரை ஒழுகிய வருடம், எல்லா வள்ளக்காரர்களும் ஒரு நாள் மீன்பாட்டை, அதாவது அன்று பிடித்த மீனின் வரும்படியை, பள்ளிக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

கணக்கு சாரைச் சொல்லாமல் போக முடியாது. கத்தோலிக்கர் அல்லர், நாகர்கோவில் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். நாங்கள் ஞானோபதேச வகுப்பில் இருக்கும்போது, மற்ற மதப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு எடுப்பார். விகிதம் என்ற பாடம் எங்களுக்கு ஏறவே இல்லை. ஒரு நாள் கரும்பலகையில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று எழுதி, “பிரிங்கடா” என்றார். வகுப்பே எழுந்து நின்று கத்திச் சொன்னது. அன்று முதல் கணக்கு எனக்குப் பயமில்லை. நான் வாத்தியாரானது அந்தக் கரும்பலகையால்தான்.

இப்போதுள்ள ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளிலும் காலை உணவு கிடைக்கிறது. நல்ல திட்டம், ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. விடியுமுன் அம்மா ஏலத்துக்குப் போன வீட்டில், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதே பசிதானே. எட்டாம் வகுப்பு வரை நீட்ட வேண்டும் என்று இந்த ஒலிவாங்கி வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை எங்கள் ஆசிரியர்கள் கைக்காசு போட்டு இட்லி வாங்குகிறார்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் கரையில் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். திரும்பாதவர்கள் பலர், உடல்கூடக் கிடைக்காத வீடுகள் உண்டு. அந்த டிசம்பரில் சிஸ்டர்களும் டீச்சர்களும் வீடு வீடாகப் போய் உட்கார்ந்திருந்தார்கள், மனு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த கோடையில் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு, ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கை விண்ணப்பத்தைப் பள்ளியிலேயே வைத்து நிரப்பினோம். ஒரு பெண்ணின் தாளில் அப்பா பெயருக்கு முன்னால் என்ன எழுதுவது என்று வகுப்பு டீச்சர் பேனாவை நிறுத்தினார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் வெறும் பெயரை எழுதினார். தொழில் என்ற இடத்தில், மீன்பிடித் தொழில் என்று எழுதினார்.

வணக்கம்.