அடுத்த கிளப் எது? ஊர் ஊராக ஆடும் ஸ்ட்ரைக்கரின் தொழில்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் மலையில் கால்பந்து ஆடும் பையன்களில் பெரும்பாலோருக்கு, முன்னால் நின்று கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கர் ஆகத்தான் ஆசை. டிவியில் பார்க்கிற பெரிய பெயர்கள்தான் காரணம். ஆனால் அந்தப் பெரிய பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இந்தத் தொழிலில் சோறு சாப்பிடுகிற மற்ற எல்லோரும் ஒரு வருஷம் இங்கே, இரண்டு வருஷம் அங்கே என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள். இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியது.

கிளப் மாறிக்கொண்டே இருப்பவனை எங்கும் நிலைக்காதவன், சரக்கில்லாதவன் என்று சொல்லிவிடுவது சுலபம். உருகுவே நாட்டு செபாஸ்டியன் அப்ரேயு 2017-ஆம் ஆண்டு முடிவில் சிலி நாட்டின் ஆடாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தபோது, அது அவருக்கு 26-ஆவது கிளப். கின்னஸ் புத்தகத்திலேயே ஏறிய கணக்கு அது. இதே ஆள்தான் 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில், கானாவுக்கு எதிரான பெனால்டி ஷூட்-அவுட்டில் கடைசி உதையை கோல்கீப்பர் தலைக்கு மேலே மெதுவாகத் தூக்கிப் போட்டு உருகுவேயை ஜெயிக்க வைத்தவர். சரக்கில்லாதவன் செய்கிற வேலையா அது?

இந்தியாவில் எல்லோரும் பார்த்த உதாரணம் நைஜீரியாவின் பார்த்தலோமியு ஓக்பெச்சே. பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் அகாடமியில் வளர்ந்து, 17 வயதில் 2002 உலகக் கோப்பை ஆடியவர். அதன்பின் பிரான்ஸ், வளைகுடா, ஸ்பெயின், கிரீஸ், இங்கிலாந்து, நெதர்லாந்து என்று சுற்றிவிட்டு 2018-இல் நம் நாட்டு இந்தியன் சூப்பர் லீகில் (ஐ.எஸ்.எல்.) ஆடும் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்கு வந்தார். அந்த சீசனில் 12 கோல். அடுத்த சீசன் கேரளா பிளாஸ்டர்ஸ், 15 கோல். அதற்கடுத்து மும்பை சிட்டி, 8 கோல். பிறகு ஹைதராபாத், 18 கோல். அப்போது அவருக்கு வயது 37.

நடுவில் இருக்கும் அந்த 8-ஐ மட்டும் பார்த்தால், ஆள் முடிந்துவிட்டார் என்று தோன்றும். மும்பையில் என்ன நடந்தது? அதே ஒற்றை இடத்துக்கு ஆடம் லீ ஃபாண்ட்ரும் இருந்தார். அவரும் இங்கிலாந்தில் ஏகப்பட்ட கிளப் பார்த்தவர்தான். அவர் பங்குக்கு 11 கோல். ஒருவர் ஆட்டத்தைத் தொடங்குவார், மற்றவர் இரண்டாம் பாதியில் இறங்குவார். அந்த வருஷம் மும்பை லீகையும் ஜெயித்தது, கோப்பையையும் தூக்கியது. ஒரு இடத்திலிருந்து 19 கோல் வந்த டீமில், தனி ஆளின் கணக்கு மட்டும் இளைத்துத் தெரிகிறது.

ஸ்ட்ரைக்கரின் தலையெழுத்து இதுதான். எதிராளியைத் தடுக்கும் ஸ்டாப்பர் நன்றாக ஆடினானா என்று சொல்ல ஆட்டம் பார்த்திருக்க வேண்டும். ஸ்ட்ரைக்கருக்கு ஒரே ஒரு எண் போதும் என்று கிளப் நிர்வாகிகள் நினைக்கிறார்கள். எண் ஏறினால் பெரிய கிளப் கொத்திக்கொண்டு போகும். இறங்கினால் சொந்த கிளப்பே லோனில், அதாவது கொஞ்ச காலத்துக்கு வேறு கிளப்புக்கு இரவலாக, அனுப்பிவிடும். ஏறினாலும் இறங்கினாலும் அவன் கிளம்பத்தான் வேண்டும். நம் மலையடிவாரத்தில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி 2018-19-இல் ஐ-லீக் என்ற தேசிய லீகை ஜெயித்தபோது, 21 கோல் போட்ட அதன் ஸ்ட்ரைக்கர் பெட்ரோ மான்ஸி, சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவோடு கோல் பட்டியலில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அடுத்த சீசன் முடிவதற்குள் ஜப்பானின் இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்று அவரை அழைத்துக்கொண்டது.

ஆகவே எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவன் சீசனில் 12 கோல் அடித்தான் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பெனால்டிகளைக் கழியுங்கள். பெனால்டியில் நான்கில் மூன்று எப்படியும் உள்ளே போகும், அதை யார் அடிப்பது என்பது கோச் முடிவு. நான்கு பெனால்டி போக மிச்சம் எட்டு. எத்தனை நிமிஷம் ஆடினான் என்று அடுத்துப் பாருங்கள். 1,800 நிமிஷம் என்றால் 20 முழு ஆட்டத்துக்குச் சமம். அப்படியானால் ஆட்டத்துக்கு 0.4 கோல். இன்னொருவன் 7 கோல்தான், பெனால்டி ஒன்றும் இல்லை, ஆனால் 1,080 நிமிஷம்தான் களத்தில் இருந்தான். 12 ஆட்டத்துக்கு 7 கோல், கிட்டத்தட்ட 0.6. விவரம் தெரிந்த கிளப் இரண்டாமவனைத்தான் எடுக்கும். இன்னொரு விஷயம், பொதுவாகப் பத்து ஷாட்டுக்கு ஒரு கோல்தான் விழும். ஒரு சீசனில் மட்டும் ஐந்துக்கு ஒன்று விழுந்தவனை நம்பிப் பெரிய சம்பளம் கொடுத்த கிளப்புகள் அடுத்த வருஷம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கின்றன. கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்து எத்தனை ஷாட் எடுத்தான் என்பது வருஷத்துக்கு வருஷம் அவ்வளவாக மாறாது. பார்க்க வேண்டியது அதைத்தான்.

இனி காகித வேலை. ஃபிஃபா விதிப்படி ஒரு காண்ட்ராக்ட் அதிகபட்சம் ஐந்து வருஷம், 18 வயது நிரம்பாதவருக்கு மூன்று வருஷம். காண்ட்ராக்ட் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு கையெழுத்துப் போடலாம். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்திலிருந்து வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, காண்ட்ராக்ட் முடிந்த ஆட்டக்காரரைப் பழைய கிளப் பணம் கேட்டுத் தடுத்து நிறுத்த முடியாது. ஊர் மாறும் ஸ்ட்ரைக்கருக்கு இந்த ஆறு மாதம்தான் உயிர்நாடி. மே மாதம் காண்ட்ராக்ட் முடிகிறவன் டிசம்பரிலேயே பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும். ஏப்ரலில் தேட ஆரம்பிப்பவன் கிடைத்ததை வாங்கிக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிடுவான்.

பலரும் மாட்டிக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதிவு செய்யலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டம் இரண்டு கிளப்புக்குத்தான் ஆடலாம். ஆகஸ்டில் ஒரு கிளப்புக்குக் கடைசி பத்து நிமிஷம் இறங்கியிருந்தாலும் அது ஒரு கிளப் கணக்கு. ஜனவரியில் இன்னொன்றுக்கு ஆடிவிட்டு, அங்கேயும் சரிப்படவில்லை என்று மூன்றாவதைத் தேடினால், சீசன் முடியும் வரை அங்கே அதிகாரபூர்வ ஆட்டத்தில் இறங்க முடியாது. சும்மா பத்து நிமிஷம் இறங்கு என்று கோச் சொல்லும்போது, கிளம்பும் யோசனையில் இருப்பவன் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாடு விட்டு நாடு போகும் லோனுக்கு 2022 ஜூலையிலிருந்து ஒரு வருஷம்தான் எல்லை. லோனில் வந்தவரை வேறொரு கிளப்புக்கு மறுபடி லோனில் தள்ளிவிடவும் முடியாது.

சம்பளத் தொகையை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள வரிகளைத்தான் படிப்பதில்லை. நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு மட்டுமா, இருவருக்குமா? கிளப்புக்கு மட்டும் என்றால், நன்றாக ஆடினால் பழைய சம்பளத்திலேயே கட்டிப்போடுவார்கள், ஆடாவிட்டால் அனுப்பிவிடுவார்கள். கோல் போனஸ் எல்லா ஆட்டத்துக்குமா, லீகுக்கு மட்டுமா? காயம் பட்டால் ஆபரேஷன் செலவும், படுத்திருக்கும் மாதங்களின் சம்பளமும் யாருடையது? வீட்டு வாடகை தனியா, சம்பளத்திலேயே அடக்கமா? இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடம் தருகிறது. வாய்வார்த்தையில் கேட்டது கணக்கில் வராது. மெயிலில் தேதியோடு இருக்க வேண்டும். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்தி வைக்கப்பட்டு, சில கிளப்புகள் சம்பளத்தையும் நிறுத்தியபோது, இந்த வரிகளின் அருமை நிறைய பேருக்குப் புரிந்தது.

கையெழுத்துக்கு முன்னால் மெடிக்கல். இ.சி.ஜி., எக்கோ, முழங்கால் எம்.ஆர்.ஐ., தொடையின் பின் தசையில் வலது இடது பலம் சமமாக இருக்கிறதா என்ற சோதனை. ஆண்கள் கால்பந்தில் மிக அதிகமாக வரும் காயமே அந்தப் பின் தொடைத் தசைதான், அதுவும் முழு வேகத்தில் ஓடும்போது. பழைய லிகமென்ட் ஆபரேஷன் இருந்தால் அந்த ஃபைலையும் பழைய ஸ்கேனையும் கையோடு கொண்டுபோக வேண்டும். மறைத்தால் எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுத்துவிடும். அதன்பின் இரண்டு வருஷப் பேச்சு, ஆடினால்தான் காசு என்கிற பேச்சாகச் சுருங்கிவிடும்.

புது கிளப்பில் முதல் ஆறு வாரம்தான் தொழில்காரனையும் கற்றுக்குட்டியையும் பிரித்துக் காட்டும். அனுபவசாலி முதல் பயிற்சியில் கோல் அடிப்பதைப் பற்றிக் கவலைப்படமாட்டான், ஓரமாக ஓடிப் பந்தை உள்ளே அனுப்பும் விங்கர்களின் காலைப் பார்ப்பான். வலது விங்கில் இடதுகால்காரன் இருந்தால் பந்து உள்ளே வளைந்து வரும். அதற்கு ஃபார் போஸ்ட்டில், அதாவது தூரத்துக் கோல் கம்பம் பக்கம், நிற்க வேண்டும். வலதுகால்காரன் என்றால் கோட்டருகே போய் வெட்டி அடிப்பான், பக்கத்துக் கம்பமான நியர் போஸ்ட்டுக்கு ஓட வேண்டும். இந்த நியர் போஸ்ட் ஓட்டத்தில்தான் பாதி சூட்சுமம் இருக்கிறது. ஸ்டாப்பரின் பின்தோள் பக்கம், அவன் பந்தையும் உன்னையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாத இடத்தில் நிற்க வேண்டும். முதலில் ஃபார் போஸ்ட் பக்கம் இரண்டு எட்டு வைத்தால் அவன் உடம்பு அந்தப் பக்கம் திரும்பும். விங்கர் தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கிற நொடியில் ஸ்டாப்பருக்கு முன்னால் வெட்டிப் புகுந்து, கோலுக்கு முன்னால் உள்ள சின்னக் கட்டத்தின் 5.5 மீட்டர் கோட்டில், நியர் போஸ்ட் பக்க மூலையில் பந்தைச் சந்திக்க வேண்டும். விங்கர் தலை குனிவதற்கு முன்னாலேயே ஓடிவிட்டால், பந்து முதுகுக்குப் பின்னால் போகும், இடமும் அடைந்துவிடும். புதுசாக வந்தவர்கள் பத்துக்கு ஒன்பது முறை செய்யும் தவறு இந்த அவசரம்தான். அந்த விங்கர் எப்போது தலையைக் குனிவான் என்பது அவர்களுக்குத் தெரியாதே.

இங்கே நம் மலைப் பையன்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். உதகை 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பந்துக்குத் தடை குறைவு, தூரம் அதிகம் போகும், வளைவு குறையும். இதிலேயே பழகிய கண், சென்னையிலோ கொல்கத்தாவிலோ ஓரத்திலிருந்து கிராஸ் வரும் வேகத்தைத் தப்பாகக் கணிக்கும். கீழே காற்று கனம், பந்து வழியிலேயே வேகம் இழக்கும். மலையில் வளர்ந்த ஸ்ட்ரைக்கர் அரை எட்டு முன்னதாகவே போய் நின்றுவிடுகிறான். தலையால் முட்டப் போனால் பந்து நெற்றிக்குக் கீழே இறங்கியிருக்கும். இரண்டு வாரம் தினமும் முப்பது நாற்பது கிராஸ் எடுத்தால் கண் பழகிவிடும். பழகாமல் சோதனை ஆட்டத்துக்குப் போவதுதான் கோளாறு.

மூச்சு விஷயத்தில் லாபம் உண்டு, ஆனால் சில வாரம்தான் நிற்கும். உடம்பு புது உயரத்துக்கு ஏற்ப ரத்தத்தை மாற்றிக்கொண்டுவிடும். வெயில் அப்படியல்ல. புழுக்கத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும். சோதனைக்கு முந்தின நாள் ராத்திரி மேட்டுப்பாளையம் இறங்கி ரயில் பிடிக்கிற பையன் அரை மணி நேரத்தில் தொய்ந்துவிடுகிறான். திறமை இல்லை என்று எழுதிவிடுவார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை போனதாகக் கணக்கு. உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் இறங்கவிடக்கூடாது. கொல்கத்தா லீக் மழைக்காலத்தில் நடக்கும், ஆகவே பூட்ஸின் அடியில் கழற்றி மாட்டும் நீள ஸ்டட் (குமிழ்) வேண்டும். அதே பூட்ஸோடு செயற்கைப் புல்லில் ஏறினால் கால் மாட்டிக்கொள்ளும், முழங்கால் திரும்பும். இரண்டு ஜோடிக்குக் காசில்லை என்றால் நடுத்தர ஸ்டட் உள்ளதை வாங்குவதே மேல்.

கூடலூர்ப் பக்கத்துப் பையன்களுக்கு இன்னொரு வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. நாடுகாணி இறங்கினால் மலப்புறத்து செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. ராத்திரி விளக்கு, நிறைந்த கேலரி, ஆட்டத்துக்கு ஆட்டம் கையில் பணம். சின்ன இடத்தில் வேகமாக முடிவெடுக்க அது நல்ல பள்ளி. ஆனால் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம் அதற்கு இல்லை. கிளப் காண்ட்ராக்டில் இருப்பவன் அங்கே ஆடி முழங்கால் போனால் இன்சூரன்ஸும் வராது, சம்பளமும் நிற்கும். காண்ட்ராக்ட் இல்லாத காலத்தில் ஆடுவது அவரவர் கணக்கு.

நம் உள்ளூர் கிளப் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு கிளப்புக்கு ஒருவர் பணத்துக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம், அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு வருஷத்துக்கும் 0.25 சதவீதம், அதற்கு மேல் 0.5 சதவீதம். ஒருவர் நாலு தடவை மாறினால் நாலு தடவையும் வரும். ஊர் ஊராகப் போகிற ஸ்ட்ரைக்கர் என்றால் இது சின்னக் காசல்ல. ஆனால் அந்தப் பையன் அந்த வயதில் உங்கள் கிளப்பில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். டோர்னமென்ட் சர்டிபிகேட்டும் குரூப் போட்டோவும் செல்லாது. சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில், பிறப்புச் சான்றிதழில் உள்ள அதே எழுத்தில் பெயர், சரியான தேதி, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்ற விவரம். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால் என்று இருந்தால்கூட இரண்டு ஆளாகக் கணக்காகிவிடும். இந்த வருஷப் பதிவு முடிவதற்குள் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.