வீட்டியர் பறவைக்கும் கோதுமைக்கும் என்ன சம்பந்தம்? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற பதிவில் குஜராத்தின் சிறிய ரண் என்ற உப்புநிலப் பகுதியில் எடுத்த பாலைவன வீட்டியரின் படத்தைக் காட்டினேன் அல்லவா? அதைப் பார்த்துவிட்டு ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: “ஆங்கிலத்தில் வீட் என்றால் கோதுமை. ஆனால் நீங்கள் காட்டிய இடத்தில் புல் பூண்டுகூட இல்லை. இந்தப் பறவை கோதுமை வயலில் வாழாதா? ஒரு மரம்கூட இல்லாத பொட்டலில் அது எங்கே கூடு கட்டும்? என் மாணவர்கள் கேட்கிறார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை.” நல்ல மாணவர்கள், அம்மா. அவர்களுக்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர். கோதுமைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘வெள்ளைப் பிட்டம்’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலப் பேச்சுச் சொல் வாய்க்கு வாய் மாறி ‘வீட்டியர்’ ஆகிவிட்டது. தரையில் நிற்கும்போது மண் நிறத்தில் இருக்கும்; எழுந்து பறந்த கணத்தில் வாலின் அடிப்பகுதியில் பளீரென்று வெள்ளை தெரியும். பறவையைத் தவறவிட்டவர்கள்கூட அந்த வெள்ளையைத் தவறவிட மாட்டார்கள். அறிவியல் பெயரான ‘ஈனான்தே’ கிரேக்கச் சொல், திராட்சைப் பூ என்று பொருள். கொடி பூக்கும் பருவத்தில் இந்தப் பறவை கிரேக்க நாட்டுக்குத் திரும்பி வரும், அதனால் வந்த பெயர்.

இனி வாழிடம். வீட்டியர் இரை தேடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். அன்று ரண்ணில் ஒரு மண்கட்டியின் மேல் நிமிர்ந்து நின்றது. திடீரென்று இறங்கி ஐந்தாறு அடி ஓடியது. சட்டென்று நின்றது. உடம்பை ஒரு முறை தாழ்த்தி எழுப்பியது. மறுபடி ஓடி எதையோ கொத்தியது. வண்டாக இருக்க வேண்டும். மீண்டும் மண்கட்டிக்கே வந்து நின்றது. இப்படி ஓடி, நின்று, எட்டிப் பார்த்துப் பிழைக்கும் பறவைக்குப் புல் கணுக்கால் உயரம் வளர்ந்தாலே தொல்லை. பூச்சி கண்ணில் படாது, கால் ஓடாது. ஆகவே வெறும் தரையோ குட்டைப் புல்லோ வேண்டும், ஏறி நின்று பார்க்க ஒரு கல் வேண்டும், முட்டையிட ஒரு பொந்து வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் மலைச்சரிவோ, கடற்கரை மேடோ, பாலைவனமோ, துருவத்தை ஒட்டிய பனிநிலமோ, எதுவானாலும் அதற்குச் சம்மதம்.

மரம் இல்லையே என்று கேட்டீர்கள். மரம் தேவையே இல்லை, கூடு தரைக்குள் இருக்கிறது. கல் இடுக்கு, பாறைப் பிளவு, சுண்ணாம்புக் கலவை இல்லாமல் அடுக்கிய கற்சுவர், முயலும் எலியும் தோண்டிக் கைவிட்ட வளை ஆகியவைதான் அதன் வீடு. லடாக்கில் பாலைவன வீட்டியர் கோடையில் இனப்பெருக்கம் செய்கிறது. லே நகரத்துக்கு வெளியே ஒரு கல்வெளியில் நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெண் பறவை அலகு நிறையப் புழுவோடு வந்து, என்னைப் பார்த்துத் தயங்கி, கல் விட்டுக் கல் தாவி, கடைசியில் ஒரு பாறையின் அடியில் நுழைந்தது. உள்ளேயிருந்து குஞ்சுகளின் சத்தம் கேட்டது. உடனே எழுந்து வந்துவிட்டேன். கூட்டருகே நாம் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் குஞ்சு பசியோடு காத்திருக்கும் நிமிடம்.

ஸ்பெயினில் வாழும் கறுப்பு வீட்டியரைப் பற்றி மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். கூடு கட்டும் காலத்தில் ஆண் பறவை சின்னச் சின்னக் கற்களை ஒவ்வொன்றாக அலகில் கவ்விக் கொண்டுவந்து பொந்தில் குவிக்கும். பறவையின் எடை 40 கிராம் அளவுதான். அது சுமக்கும் கற்களின் மொத்த எடை ஒரு கிலோவையும் தாண்டும்! கூட்டுக்கு அந்தக் கற்கள் அவ்வளவு அவசியமில்லை. என் வலிமையைப் பார் என்று பெண் பறவைக்குக் காட்டும் வேலை அது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

வடக்கு வீட்டியரின் கதை இன்னும் பெரியது. ஐரோப்பா தொடங்கி ஆசியாவின் வடபகுதி வழியாக அலாஸ்கா வரையிலும், அந்தப் பக்கம் கிரீன்லாந்து, கனடாவில் வடதுருவத்தை ஒட்டிய கிழக்குப் பகுதி வரையிலும் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்துக்கு அநேகமாக எல்லாமே ஆப்பிரிக்காவுக்குத்தான் போகின்றன. எடை 25 கிராம் அளவு, ஒரு நெல்லிக்காய் போல வைத்துக்கொள்ளுங்கள். ஒளியைப் பதிவு செய்யும் சிறு கருவியை முதுகில் கட்டி அனுப்பி, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். அலாஸ்காவிலிருந்து ஆசியா முழுவதையும் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை ஒரு வழிப் பயணம் மட்டும் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். போக மூன்று மாதம், திரும்ப இரண்டு மாதம். கனடாவின் பாஃபின் தீவிலிருந்து கிளம்பிய பறவையோ அட்லாண்டிக் கடலைத் தாண்டி, பிரிட்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த பறவை ஏன் தென் அமெரிக்காவுக்குப் போகவில்லை? பனியுகம் முடிந்து நிலம் வெளிப்பட வெளிப்பட, இந்த இனம் புதிய இடங்களுக்குப் பரவியது. குளிர்காலத் தங்குமிடத்தை மட்டும் மாற்றவில்லை என்று கருதுகிறார்கள்.

பிரிட்டனில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1953இல் மிக்ஸோமடோசிஸ் என்ற வைரஸ் நோய் அங்கே நுழைந்தது. சில ஆண்டுகளில் நாட்டின் முயல்களில் பெரும்பாலானவை மாண்டன. மேய ஆளில்லாமல் புல் வளர்ந்து, புதர் மண்டியது. அதோடு பல தாழ்நிலப் பகுதிகளில் வீட்டியரும் குறைந்துபோனது. முயல் இருந்தவரை வீட்டியருக்கு மேய்ச்சலால் தரையும் கிடைத்தது, வளையால் வீடும் கிடைத்தது.

இதை நான் சொல்லக் காரணம் இருக்கிறது. நாமும் புல்வெளியையும் பொட்டலையும் ‘தரிசு’ என்று எழுதிவிடுகிறோம். குஜராத்தில் கட்ச் மாவட்டத்தின் பன்னி புல்வெளியில், உப்புநிலம் பரவுவதைத் தடுக்கிறோம் என்று 1960களில் சீமைக் கருவேலத்தை நட்டார்கள். அது புல்வெளியில் எவ்வளவு பரவிவிட்டது என்பதை அங்கே போனால் நேரில் பார்க்கலாம். அந்த முள்காட்டுக்குள் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். ஒரு வீட்டியரைக்கூடப் பார்த்ததில்லை. வெளியே திறந்தவெளிக்கு வந்ததும் அது நிற்கிறது. எனக்கு மனம் கனத்துப்போகும்.

கடைசியாக, மாணவர்கள் எங்கே பார்க்கலாம்? குளிர்காலத்தில் ராஜஸ்தானும் குஜராத்தும்தான் நல்ல இடங்கள். பாலைவன வீட்டியர், இசபெல்லா வீட்டியர் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் இவற்றை எதிர்பார்த்து அலைய வேண்டாம். அதற்குப் பதிலாகப் பள்ளிக்கு வெளியே கல்லும் முள்ளுமான மேட்டில் கருஞ்சிட்டைத் தேடச் சொல்லுங்கள். வீட்டியர் இருக்கும் அதே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் தரையில் ஓடி நின்று பூச்சி பிடிக்கும். வாலை மட்டும் செங்குத்தாகத் தூக்கி வைத்திருக்கும். அதுவும் சுவர்ப் பொந்திலும் கல்லடியிலும்தான் கூடு கட்டும், சில சமயம் பாம்புச் சட்டைத் துண்டைக்கூட உள்ளே வைத்திருக்கும். காலை ஏழு மணிக்குப் போங்கள், தூரத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.