ஐஸ் ஹாக்கிக்குப் பிரெஞ்சு வார்த்தை கொடுத்த குரல்: ரெனே லெகாவாலியே

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஒரு ஹாக்கி வர்ணனையாளரைப் பத்திப் பேசப்போறோம். ரெனே லெகாவாலியே. கனடாவுல பிரெஞ்சு பேசுற கியூபெக் மாகாணத்துல சனிக்கிழமை ராத்திரின்னா வீட்டுக்கு வீடு கேட்ட குரல் இவரோடதுதான்.

1918-ல மொன்றியால்ல பிறந்தவர். சின்ன வயசுலயே ரேடியோ-கனடாங்கற பிரெஞ்சு ஒலிபரப்பு நிறுவனத்துல அறிவிப்பாளர் ஆயிட்டார். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல வட ஆப்பிரிக்காவுல போர்ச் செய்தியாளரா இருந்தார். 1952 அக்டோபர் 11, மொன்றியால் ஃபோரம் அரங்கம். மொன்றியாலோட கனடியன்ஸ் அணிக்கும் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கும் ஆட்டம். கனடாவுல டிவியில வந்த முதல் தேசிய ஹாக்கி லீக் ஆட்டம் அதுதான், வர்ணனை பிரெஞ்சுல, லெகாவாலியே குரல்ல. டொரொன்டோவுல இருந்து இங்கிலீஷ் ஒளிபரப்பு வந்ததே மூணு வாரம் கழிச்சு, நவம்பர் 1-ஆம் தேதி.

அந்தக் காலத்து டிவியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கறுப்பு வெள்ளை. சிவப்பு ஜெர்சி திரையில வெறும் அடர் சாம்பல். முதுகுல நம்பர் மட்டும்தான், பேர் கிடையாது. எல்லா அணியும் கட்டாயம் பேர் போடணும்னு லீக் சொன்னதே 1977-லதான். அப்போ பார்க்கறவங்களுக்கு முதல்ல வேண்டியது என்ன? பக், அதாவது ஐஸ்ல ஓடுற அந்த வட்டு, யார்கிட்ட இருக்குங்கற பேர். பேர் முதல்ல, செயல் அடுத்து. "வலது பக்கம் போறார்"னு சொல்லவே வேண்டாம், அது கண்ணுக்குத் தெரியுது. ரேடியோவுல இருந்து வந்தவங்க இங்கதான் சறுக்குவாங்க. ஒவ்வொரு பாஸையும் சொல்லிக்கிட்டே வருவாங்க, வாய் ஆட்டத்துக்குப் பின்னாடி ஓடும். லெகாவாலியே அளவாப் பேசுவார்.

இப்போ வார்த்தைக்கு வருவோம், என்னைக் கேட்டா இவரோட பெரிய வேலை இதுதான். மொன்றியால் தெருவுல விளையாடுற பசங்க பிரெஞ்சுலதான் பேசுவாங்க, ஆனா ஆட்டத்துச் சொல் பாதி இங்கிலீஷ்: பக், கோலர் (கோல்காப்பாளர்), பாடிசெக். இதோ, இந்த கேரட் துண்டைப் பாருங்க. வட்டமா, தட்டையா நறுக்கினது. பிரெஞ்சு சமையல்ல இதுக்கு "ரோன்டெல்"னு பேரு. பக்கும் அதே வடிவம்தானே? மூணு அங்குல விட்டம், ஒரு அங்குல கனம், ரப்பர். அந்தச் சொல்லே பக்குக்கும் நிலைச்சுது.

"மீஸ் ஆன் எஷெக்" இன்னும் அழகு. பாடிசெக்குக்கு உள்ள சொல். சதுரங்கத்துல ராஜாவுக்கு செக் வைக்கறோமே, பிரெஞ்சுல அதே பேச்சு. உடம்பால வழியை அடைக்கறதை அது கச்சிதமாச் சொல்லுது.

ஸ்லாப் ஷாட் "லான்சே ஃப்ராப்பே" ஆச்சு, அதாவது ஓங்கி அடிச்ச ஷாட். மட்டை நேரா பக்குல படாது. அதுக்குச் சில அங்குலம் முன்னாடியே ஐஸ்ல அடிக்கும், தண்டு வளையும், அது நிமிர்ற விசையிலதான் பக் பறக்கும். மணிக்கட்டைச் சுழற்றி விடுற ஷாட்டுக்கு வேற பேர். எது வருதுன்னு வர்ணனையாளர் அரை நொடியில பிரிச்சுச் சொல்லணும்.

எல்லாத்தையும் இவர் ஒருத்தரே உண்டாக்கினார்னு சொன்னா அது நியாயம் இல்ல. இவருக்கு முன்னாடி ரேடியோவுல மிஷெல் நோர்மான்டென் மாதிரி ஆளுங்க பிரெஞ்சுல வர்ணனை பண்ணிட்டு இருந்தாங்க. பத்திரிகைக்காரங்களும் எழுதிட்டு இருந்தாங்க. ஆனா சனிக்கிழமை தவறாம, ஒரே உச்சரிப்புல, திரும்பத் திரும்பச் சொல்லி மக்கள் வாயில உட்கார வெச்சது இவர்.

இப்போ அவரோட புகழ்பெற்ற கூவல்: "இல் லான்ஸ் ஏ கோன்த்!" அடிக்கிறார், கோல் போடுறார். இதை நடுவுல ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க. மட்டை இறங்கும்போது "இல் லான்ஸ்". பக் கோல் கோட்டைத் தாண்டினதைப் பார்த்த பிறகுதான் "ஏ கோன்த்". கோல்காப்பாளர் பிடிச்சுட்டாலோ கம்பியில பட்டுட்டாலோ முதல் பாதியோட நிறுத்திக்கலாம், சொன்னதுல தப்பே இருக்காது. அவசரப்பட்டு முழுசையும் கத்திட்டுத் திரும்ப வாங்குறவங்க இன்னைக்கும் இருக்காங்க.

1956-லிருந்து 1960 வரைக்கும் கனடியன்ஸ் தொடர்ந்து அஞ்சு தடவை லீக்கோட சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை ஜெயிச்ச காலம் இவரோட காலம். 1972 செப்டம்பர் 28, மாஸ்கோ, கனடாவும் சோவியத் அணியும் மோதின தொடரோட எட்டாவது ஆட்டம். 34 நொடி மிச்சம் இருக்கும்போது பால் ஹெண்டர்சன் அடிச்ச கோலை பிரெஞ்சுல சொன்னவரும் இவர்தான். 1984-ல ஹாக்கி ஒலிபரப்பாளர்களுக்கான ஃபாஸ்டர் ஹெவிட் நினைவு விருது வாங்கினார். அடுத்த வருஷம் ஓய்வு. 1999 செப்டம்பர்ல காலமானார்.

அவருக்குப் பிறகு ரிஷார் கார்னோ, பிறகு ஆர்டிஎஸ்ங்கற பிரெஞ்சு விளையாட்டுச் சேனல்ல பியேர் ஊட். பிரெஞ்சு வர்ணனையோட ஒரு ஆட்டம் கிடைச்சா, முதல் இருபது நிமிஷ பீரியட்ல மத்த எதையும் புரிஞ்சுக்க முயற்சி பண்ணாதீங்க. "ரோன்டெல்"ங்கற சொல்லுக்கு மட்டும் காது கொடுங்க, அதுக்கு முன்னாடி வர்ற பேரைப் பிடிங்க. ரெண்டாவது பீரியட்ல "லான்சே"வைச் சேர்த்துக்குங்க. மூணாவதுல கண்ணை மூடினாக்கூட பக் யார்கிட்ட இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்.