காலணிச் சேறும் முருங்கை மரமும்

வணக்கம் நேயர்களே. பறவை பார்ப்பதற்காகப் பத்து நாள் வீட்டை விட்டுப் போயிருந்தேன். நம் மொரீஷியஸ் தீவின் ஷாமரேல் ஊரில், தங்கை வீட்டில் தங்கல். விடிந்ததும் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவுக்குப் போய்விட்டு மாலையில் திரும்புவேன். போன ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வந்ததும் முதல் வேலை காலணிதான். குழாயடியில் உட்கார்ந்து பழைய பிரஷ்ஷால் அடிச்சேற்றைச் சுரண்டினேன். சேற்றில் சின்னச் சின்ன விதைகள். சீனக் கொய்யா! நாம் உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்கிற அதே பழம். எனக்கும் உயிர். ஆனால் பிரேசில் பக்கமிருந்து வந்த அந்தச் செடி நம் காட்டில் புதராக மண்டி, கருங்காலி போன்ற மண்ணின் மரக்கன்றுகளைத் தலைதூக்க விடுவதில்லை. அதைப் பிடுங்குவதற்கென்றே அங்கே ஆட்கள் குனிந்து பாடுபடுகிறார்கள். ஒருபக்கம் அவர்கள் பிடுங்க, மறுபக்கம் நான் காலில் சுமந்துபோய் விதைப்பதா? சேற்றைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். வந்த அன்றே செய்தால்தான் உண்டு. காய்ந்துவிட்டால் அடுத்த பயணம்வரை அப்படியே கிடக்கும்.

அப்புறம் குறிப்பு நோட்டு. துணி துவைப்பது மறுநாளுக்குப் போகலாம், நோட்டு போகக் கூடாது. பூங்காவிலுள்ள மக்காபே காட்டுக்கு மேலே ஒரு மொரீஷியஸ் வல்லூறைப் பார்த்தேன். 1974இல் உலகத்திலேயே நான்குதான் இருப்பதாகத் தெரிந்த பறவை அது. இளஞ்சிவப்புப் புறாவும் 1990 வாக்கில் காட்டில் பத்தளவுக்குக் குறைந்து, பலருடைய உழைப்பால் இன்று நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கிறது. அப்படிப்பட்டவற்றைக் கண்ணால் கண்ட நேரத்தையும் இடத்தையும் மறதிக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

சரி, வீட்டுக்குள் வருவோம். பத்து நாளில் வீடு தனக்கென்று ஓர் ஒழுங்கைப் பிடித்திருந்தது. உப்பு ஜாடி ஜன்னலோரம் போயிருந்தது. மகன் தன் மதியச் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டான். ரசம் வைப்பது மாமியின் பொறுப்பாகியிருந்தது. முன்பெல்லாம் நான் திரும்பி வந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைப்பேன், இரவுக்குள் யாராவது ஒருவர் முகம் சுருங்கிவிடும். இந்தத் தடவை எதையும் தொடவில்லை. நான் இல்லாதபோது இவர்கள் சிரமப்பட்டுக் கட்டியது இது. நானும் பத்து நாள் நிம்மதியாகக் காட்டில் நின்றது அதனால்தானே? ஜாடி இன்றைக்கும் ஜன்னலோரம்தான் இருக்கிறது. மகனுக்கு நான் சாப்பாடு கட்டுவதில்லை. அது மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாமி ரசத்துக்கு முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தார். கிளைக்குள் 'பிக், பிக்' என்று சத்தம். சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் அளவுக் குருவிகள், கூட்டமாக. நாம் பிக்-பிக் என்று சொல்லும் வெள்ளைக்கண்ணிதான். நம் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. அப்படிப்பட்ட பறவைகளில் ஊர்த் தோட்டங்களிலும் தாராளமாக வாழ்வது இது. இத்தனை வருடம் இதே கொடியில் துணி போட்டிருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை.

"தினம் இந்த நேரத்துக்கு வரும்மா" என்றார் மாமி.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். ரோஸ்ஹில், முருங்கை மரம், ஆறு பறவைகள், காலை எட்டேகால்.