மூச்சுக்குக் காரணம் மரமா, சேறா?

[காட்சி: சுங்கை பூலோ. கடல் வற்றிய நேரம். கறுத்த சேறு, அதிலிருந்து விரல் பருமனில் நிமிர்ந்து நிற்கும் வேர்கள்.]

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் வந்து நின்றதும் முதல் வேலை மூக்குக்குத்தான். அழுகிய முட்டை நாற்றம். கேமரா பிடிக்கும் தம்பி கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஆனால் இந்த வீடியோவில் சொல்லப்போகும் விஷயமே அந்த நாற்றத்துக்குள்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயிர்க்கோளம் என்று பள்ளியில் படித்திருப்போம். காற்று, நீர், மண், பாறை என்று பூமியில் எங்கெல்லாம் உயிர் இருக்கிறதோ, அத்தனையும் சேர்ந்தது அது. 1875இல் ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவார்ட் சூயஸ் இந்தப் பெயரை வைத்தார். 1926இல் ரஷ்ய விஞ்ஞானி விளாதிமிர் வெர்னாட்ஸ்கி இன்னும் ஒரு படி மேலே போனார். உயிர்கள் பூமியின்மேல் சும்மா குடியிருக்கவில்லை, பூமியையே மாற்றிக்கொண்டிருக்கின்றன என்றார். நமக்கு இன்று வேண்டியது அவர் சொன்னதுதான்.

[காட்சி: பூமியின் குறுக்குவெட்டு வரைபடம்.]

இந்த உயிர்க்கோளத்தின் தடிமன் எவ்வளவு? 1973இல் மேற்கு ஆப்பிரிக்காவின் வானில், சுமார் 11 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு பிணந்தின்னிக் கழுகு விமானத்தில் மோதியது. கீழே போனால், பசிபிக் கடலின் ஆழமான பள்ளமும் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். அதன் அடியிலும் உயிர் உண்டு. கூட்டினால் 22. சிங்கப்பூரின் மேற்குக் கோடியான துவாஸிலிருந்து கிழக்குக் கோடியான சாங்கி வரை உள்ள தூரத்தில் பாதிதான். பூமியின் விட்டமோ 12,700 கிலோமீட்டருக்கு மேல்.

இந்த மெல்லிய இடத்துக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். வெளியிலிருந்து தாராளமாக வருவது வெயில் ஒன்றுதான். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், தண்ணீர் எல்லாம் உள்ளே இருப்பதையே திரும்பத் திரும்பப் புழங்க வேண்டும்.

சரி, ஆக்சிஜனுக்கு வருவோம். மரம்தான் நமக்கு ஆக்சிஜன் தருகிறது என்று எல்லாருமே சொல்கிறோம். அது பாதிக் கதை. இலை பகலில் ஆக்சிஜனை வெளியே விடுகிறது, உண்மைதான். ஆனால் மரமும் சுவாசிக்கிறது. அந்த இலை உதிர்ந்து மட்கும்போது, அதை மட்கவைக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. புக்கிட் தீமா காடானாலும் அமேசானானாலும், வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாகிவிடும். உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதியைச் செய்வது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள். அங்கேயும் இதே கதைதான்.

அப்படியென்றால் காற்றில் இருக்கும் 21 சதவீதம் எங்கிருந்து மிஞ்சியது?

[காட்சி: சேற்றின் மேற்பரப்பு, மிக அருகில்.]

இங்கே பாருங்கள். நண்டு ஒன்று வளையைத் தோண்டி உள்சேற்றை வெளியே தள்ளியிருக்கிறது. மேற்பரப்பு பழுப்பு, உள்ளிருந்து வந்தது கன்னங்கரேல். அந்த மெல்லிய பழுப்புத் தோலுக்குக் கீழே ஆக்சிஜன் அவ்வளவாக எட்டுவதில்லை. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் கடல்நீரில் கரைந்த சல்ஃபேட்டை வைத்துப் பிழைக்கின்றன. அவை கழிவாக விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் நம் தம்பியை மூக்கைப் பொத்தவைத்தது. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் இந்தக் கறுப்பு நிறம்.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்கும் வேலை மெதுவாகத்தான் நடக்கும். விழுந்த இலை, செத்த வேர் எல்லாவற்றிலும் ஒரு பங்கு மட்காமலே புதைந்துவிடுகிறது. மட்காத பங்குக்கு ஆக்சிஜன் செலவில்லை. உயிரோடு இருந்தபோது அது வெளியிட்ட ஆக்சிஜன் அப்படியே காற்றில் தங்கிவிடுகிறது. நாம் இப்போது இழுக்கும் மூச்சு, கடலடியிலும் சதுப்பிலும் கோடானுகோடி ஆண்டுகள் இப்படிப் புதைந்ததன் மிச்சம். ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் தொடங்கிவைத்த வேலை இது. காற்றில் ஆக்சிஜன் நிலைக்கத் தொடங்கியதே சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

அதனால், காடு அழிந்தால் மூச்சு முட்டிச் சாவோம் என்ற வாட்ஸ்அப் செய்தியை நான் பகிர்வதில்லை. உலகத்துக் காடுகள் அத்தனையும் எரிந்தாலும் ஆக்சிஜன் இருப்பில் ஒரு சதவீதம்கூடக் குறையாது. பயப்பட வேண்டியது வேறு: எரியும் மரத்திலிருந்தும் புதைந்த சேற்றிலிருந்தும் கார்பன் வெளியே கிளம்புவது.

[காட்சி: அலையாத்தி மரங்கள், பிறகு சேற்று மேடுகள்.]

இந்தச் சேற்றில் பிழைப்பு லேசல்ல. அபி-அபி மரம் வேரை மேலே நீட்டி, அதிலுள்ள நுண்துளைகள் வழியாகக் காற்று வாங்குகிறது. பாக்காவ் மரம் கவட்டைக் கால்போல வேர்களை ஊன்றி நிற்கிறது. அப்புறம் இந்த மேடுகள். மட் லாப்ஸ்டர் என்கிற சேற்று இறாலின் வேலை. ஆளைப் பார்ப்பது அபூர்வம். அடிச்சேற்றை மேலே கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த மேட்டில் எறும்பு, நண்டு, பாம்பு என்று பலதும் குடியேறிவிடும்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை வந்தால் சைபீரியா பக்கத்திலிருந்து வரும் உள்ளான்களைப் பார்க்கலாம். அலகைச் சேற்றில் விட்டுப் புழுவை இழுக்கும். தின்றதைக் கொழுப்பாக உடம்பில் ஏற்றிக்கொண்டு மறுபடி வடக்கே கிளம்பும். உயிர்க்கோளத்தில் குடிநுழைவுச் சோதனை கிடையாது.

இந்த இடத்தில் முன்பு இறால் குட்டைகள் இருந்தன. 1986இல் பறவை ஆர்வலர்கள் இதன் அருமையைக் கவனித்து, காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டார்கள். 1993இல் பூங்காவாகத் திறந்தது, 2002இல் இயற்கை வனப்பகுதியானது. தீவின் பழைய அலையாத்திக் காடுகளில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் பத்தில் ஒரு பங்குதான். மற்றவை நில மீட்புக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் போயின. வீடும் தண்ணீரும் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? நானும் அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் சேற்றைத் தோண்டிக் காயவிட்டால் ஆக்சிஜன் உள்ளே புகுந்து, நூற்றாண்டுகளாகப் புதைந்திருந்த கார்பன் கரியமில வாயுவாகக் கிளம்பிவிடும். மரத்தைத் திரும்ப நடலாம். இவ்வளவு சேறு மறுபடி படிய இன்னும் பல நூற்றாண்டுகள் வேண்டும்.

நேரில் பார்க்க நினைத்தால் கிராஞ்சி பக்கம் வாருங்கள், அனுமதி இலவசம். கடல் எப்போது வற்றும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் ஏறிவிட்டால் சேறும் தெரியாது, நண்டும் தெரியாது. பலகைப் பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். இங்கே முதலைகள் உண்டு.