சண்டிகர் தேக்கு நாற்காலியை உப்புத்தாளால் தேய்க்கலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

சண்டிகரில் வசிக்கும் நேயர் ஒருவர், தம் தாத்தா அரசு அலுவலக ஏலத்தில் எடுத்த தேக்கு நாற்காலியின் படங்களை அனுப்பியிருக்கிறார். பிரம்பு இருக்கை தொய்ந்திருக்கிறது, கைப்பிடியில் கறுப்பு வளையம் விழுந்திருக்கிறது, ஒரு கால் ஆடுகிறது. முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு பி.யூ. (பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் வகை வார்னிஷ்) பூச்சு அடித்துவிடலாமா என்று கேட்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம்.

1951 முதல் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே திட்டமிட்ட அந்நகரின் அலுவலகங்களுக்காக, 1965 வரை அங்கேயே தங்கிப் பணியாற்றிய அவருடைய சகா பியர் ஜான்னரேயும் அவருடன் இருந்த இந்தியக் கட்டடக் கலைஞர்களும் வடிவமைத்த நாற்காலிகளின் சாயல் படத்தில் தெரிகிறது. பின்னால் வெள்ளைப் பெயின்டில் துறையின் பெயரும் எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றன அல்லவா? போலிகள் ஏராளமாகிவிட்ட இன்று அந்த எழுத்தை மட்டும் வைத்து எதையும் உறுதிசெய்ய முடியாது. போலி செய்பவர்கள் அதையும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் எழுத்தும், கைபட்டு மழுங்கிய விளிம்பும், நிறம் ஆழ்ந்த மேல்தோலும் சேர்ந்துதான் அந்த நாற்காலியின் வரலாற்றுக்குச் சாட்சி. உப்புத்தாள் இவை மூன்றையும் ஒரே பிற்பகலில் அழித்துவிடும், எந்தப் பாலிஷாலும் அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

முதலில், எழுத்துள்ள இடத்தைத் தவிர்த்துவிட்டு, மென்மையான சோப்புநீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றியெடுங்கள். தேய்ந்துபோனதாகத் தோன்றுவதில் பெரும்பகுதி அழுக்கும் பழைய மெழுகும்தான் என்பது அப்போதே தெரிந்துவிடும். அடுத்து, இருக்கைச் சட்டத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சில் நிறம் ஏறினால் அது அரக்குப் பாலிஷ். அரக்கின் பெருமையே, புதிய பூச்சு பழையதைக் கரைத்து அதனோடு ஒன்றிவிடும் என்பதுதான். ஆகவே உரிக்காமலேயே, தேய்ந்த இடங்களில் மட்டும் மெல்லிய கரைசலைத் துணிப் பொட்டலத்தால் பலமுறை பூசிச் சரிசெய்யலாம். பி.யூ. பூச்சு அப்படியன்று. நாளை அதை எடுக்க வேண்டுமானால் பெரும்பாலும் மரத்தையும் சேர்த்தே சுரண்ட வேண்டியிருக்கும்.

கறுப்பு வளையம் பெரும்பாலும் ஈரமான இரும்பு, மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளோடு வினைபுரிந்து உண்டானது. அது மரத்துக்குள்ளேயே இருப்பதால், அந்த இடத்துப் பூச்சை மட்டும் நீக்கி, ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவி, பிறகு சுத்தமான நீரால் பலமுறை துடைத்தெடுக்க வேண்டும். அது நஞ்சு; கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், காய்ந்த தூளைச் சுவாசிக்காதீர்கள். வளையம் மங்கலாக மிஞ்சினால் அப்படியே விட்டுவிடுவதையே நான் விரும்புவேன்.

ஆடும் காலில் ஆணி அடிக்கவே கூடாது. கழுந்தை (துளைக்குள் பொருந்தும் மர முனையை) பக்குவமாகப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டியெடுங்கள். வச்சிரப் பசையாக (விலங்குத் தோல், எலும்பிலிருந்து செய்யும் பசையாக) இருந்தால் வெந்நீர்த் துணிக்கே இளகிவிடும். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரமாதலால், ஒட்டுவதற்குச் சற்று முன்பு கழுந்தை அசிட்டோனால் துடைத்தால்தான் புதிய பசை நன்றாகப் பிடிக்கும்.

பிரம்பு அறுபடாமல் தொய்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. பளபளப்பில்லாத அடிப்பக்கத்தை வெதுவெதுப்பான நீரால் நன்றாக நனைத்து, நிழலில் காயவிடுங்கள். காயும்போது நார் இறுகி ஓரளவு மேலெழும். அறுந்திருந்தால், அதே பின்னல் முறையைக் கையால் பின்னத் தெரிந்தவரிடமே கொடுங்கள். பிரிப்பதற்கு முன், இழைகள் எந்தத் துளையில் எப்படி நுழைகின்றன என்பதை அடியிலிருந்தும் மேலிருந்தும் படமெடுத்து அவரிடம் காட்டுங்கள்.